படம் 3: வெங்காயத் தோல்

ஜூலை 6, சனி

இந்தப் பழைய பாடப்புத்தகம் இன்னும் விற்பது விலையால் மட்டும் இருக்க முடியாது. விலை குறைவு என்றால் கைடு இன்னும் குறைவு. தமிழில் இருப்பதால் என்றால், தமிழில் வந்த மற்ற உயிரியல் புத்தகங்கள் எங்கே? நூலகத்தின் கடைசி அலமாரியில், பல்லி முட்டைகளோடு. இது மட்டும் ஒவ்வொரு ஜூலையிலும் முதலாண்டுப் பிள்ளைகளின் பைக்குள் எப்படியோ ஏறிவிடுகிறது.

‘உயிரியலுக்குள்.’ எழுதியவர் ம. தேவகனி. எங்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். நான் பிறப்பதற்கு முன்பே ஓய்வு பெற்றார், நான் பள்ளியில் படிக்கும்போது இறந்துபோனார். நான் சென்னையில் ஆங்கிலத்தில் படித்தவள். இந்தப் புத்தகத்தைத் தேவைப்பட்ட இடத்தில் புரட்டியிருக்கிறேன். படித்ததில்லை.

இன்று பதிப்பகத்தில் சங்கரலிங்கம் அண்ணாச்சியோடு பேசி முடித்தாயிற்று. அந்தப் புத்தகத்தை அப்பா காலத்திலிருந்து அச்சிடுகிறவர்கள் அவர்கள்தான்.

“சிலபஸ் மாறிட்டு டீச்சர். பழச அப்படியே போட்டா எந்தக் காலேஜும் எடுக்காது. நீங்க திருத்திக் குடுங்க. அரைவாசிக்கு மேல புதுசா எழுதுனீங்கன்னா அட்டையில அந்தம்மா பேருக்குக் கீழ உங்க பேரு. இல்லன்னா உள்ள, சின்ன எழுத்துல, ‘திருத்தியவர்’னு. அம்புட்டுதான்.”

பெயரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

நான் கௌரவ விரிவுரையாளர். அக்டோபரில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். அட்டையில் பெயர் உள்ள புத்தகத்துக்கு மதிப்பெண் உண்டு. உள்ளே சின்ன எழுத்துக்குக் கிடையாது.

அம்மாவிடம் சொன்னேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சித்திக்குப் போன் போய்விட்டது.

உளுந்து ஊறுகிறது. மாவு ஆட்ட வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

முதல் அத்தியாயம். பென்சிலோடு படித்தேன்.

‘ஒரு வெங்காயம் எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் கேட்டால் கொடுப்பார்கள்.’

பல்கலைக்கழகப் பாடநூலின் முதல் வரி இது. உயிர் என்றால் என்ன என்ற வரையறையே இல்லை. தேடினேன். அடுத்த அத்தியாயமும் முடியும் இடத்தில், மிகத் தாமதமாக, கொஞ்சம் தயங்கி வருகிறது. குறை என்று ஓரத்தில் எழுதினேன்.

படம் 3, வெங்காயத் தோல், நுண்ணோக்கியில் தெரிவது. அவரே வரைந்தது. செங்கல் அடுக்கியதுபோல் செல்கள். சில கோணல். ஒன்று கிழிந்திருக்கிறது. கீழ்மூலையில் தடித்த கரிய வளையம், நடுவில் வெறுமை. பெயர் குறிக்கப்படவில்லை. பழைய அச்சுக்கட்டையின் கறையாக இருக்கும். யாரும் இத்தனை பதிப்புகளில் கவனிக்கவில்லை.

படத்தின் கீழ் கேள்வி: ‘இதில் உயிரில்லாதது எது? எப்படி அறிந்தீர்கள்?’

விடை, செல்சுவர். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மதிப்பெண். எப்படி அறிந்தீர்கள் என்று கேட்பதுதான் வேடிக்கை. புத்தகம் சொல்லி அறிந்தோம்.

நீக்கினேன்.

ஜூலை 11, வியாழன்

டென்சிங் பதிப்பகத்தில் கணினி வேலை பார்க்கிறவன். பக்கங்களை அமைப்பது, படங்களைச் சுத்தம் செய்வது, அண்ணாச்சியிடம் திட்டு வாங்குவது.

“இங்க ஒரு ரவுண்டு கறை கெடக்கு மேடம். அழிக்கவா?”

“அழிச்சிருங்க.”

“ரெண்டே கிளிக். பாருங்க, முகத்துல மரு எடுத்த மாதிரி.”

உண்மையில் பளிச்சென்று இருந்தது. கோணல் செல்களையும் நேராக்கச் சொன்னேன்.

அட்டை மாதிரியை அவனாகத்தான் காட்டினான். பெயருக்கு வேறு எழுத்துருவும் பார்க்கலாமே என்று மட்டும் சொன்னேன். பார்த்தோம். சிலவற்றில் ‘வடிவு’ என்ற என் பெயர் கல்யாணப் பத்திரிகையில் வருவதுபோல் இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

என்னுடைய முதல் அத்தியாயம் முடிந்தது.

வரையறையில் தொடங்குகிறது. உயிரிகளின் பண்புகள், பிறகு மூன்று பெரும்பிரிவுகள், பிறகு செல் கோட்பாடு, மரபணுத் திருத்தம்வரை. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நான் இந்த நூற்றாண்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வரிகூட வீண் இல்லை. எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, “நியூஸா?” என்றாள்.

மாடியில் காயப்போட்ட சேலையைக் காற்று அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. போய் வாங்கி வந்தேன்.

ஜூலை 17, புதன்

ஆடிக்காற்று. அம்மா போனில் சித்தியிடம், “அட்டையிலேயே வருதாம்டி” என்றாள். வராமலும் போகலாம் என்று நான் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

யோசனை. முன்னுரையில் ‘இப்பதிப்பு மாணவர்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும். திங்களன்று முதலாண்டு செய்முறை வகுப்பு. பாதிப் பேருக்கு என் அத்தியாயத்தின் நகல். மற்றப் பாதிக்கு நூலகத்தின் பழைய பிரதிகள். சனி ஞாயிறில் படித்து வரட்டும். பிறகு எல்லோரும் வெங்காயத் தோலைப் பார்த்து வரையட்டும்.

முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முறைப்படி செய்ய வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஜன்னல் பக்க மேசைகளில் என் அத்தியாயம் படித்தவர்கள். சுவர்ப் பக்கம் பழைய புத்தகம். வெங்காயம் நறுக்கி, உள்தோலை உரித்து, ஸ்லைடில் வைத்து, சாயம் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டைப் போட வேண்டும். அதைச் சாய்வாக மெல்ல இறக்க வேண்டும் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் தொப்பென்று போட்டார்கள்.

ஜன்னல் பக்கம் அமைதி. பெனிட்டாவிடம் உயிரிகளின் பண்புகளைக் கேட்டேன். என் வாக்கியங்களை என் வரிசையிலேயே மூச்சு விடாமல் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நோட்டைப் பார்த்தேன். சுத்தமான செங்கல் வரிசை. டென்சிங் நேராக்கிய படம்போலவே. நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தேன். அவள் ஸ்லைடில் இருந்த தோல் மடங்கி, ஓரம் கிழிந்து கிடந்தது. அதை அவள் வரையவில்லை. நடுவில் ஒரு பெரிய காற்றுக்குமிழி. அதை வரைந்திருந்தாள். அம்பு போட்டு ‘நியூக்ளியஸ்’ என்று எழுதியிருந்தாள்.

“இது எப்படி நியூக்ளியஸ்?”

“வட்டமா இருக்கு மேம். ‘பொதுவாக வட்டமானது, தெளிவான உறை உடையது’ன்னு போட்டிருக்கு.”

என் வாக்கியம். பிழையில்லாத வாக்கியம்.

பக்கத்து மேசையிலும் அதே. அதற்கடுத்த மேசையிலும். ஜன்னல் பக்கம் முழுக்கக் காற்றுக்கு நியூக்ளியஸ் என்று பெயர் வைத்து, அடிக்கோடும் போட்டு வைத்திருந்தார்கள்.

சுவர்ப் பக்கம் சண்டை. மாடத்தியும் இசக்கிராஜும். பழைய புத்தகம் நடுவில் திறந்து கிடந்தது.

“செவருதாம்ல. செவரு செத்தது. ட்வெல்த்துல படிச்சோம்லா” என்றாள் மாடத்தி.

“படிச்சதையா கேக்கு? படத்துல எதுன்னு கேக்கு பிள்ள. இந்த வளையத்தப் பாரு.”

“அது அச்சுல விழுந்த கறை.”

நான் நின்றுவிட்டேன். அது என்னுடைய வார்த்தை.

“கறையா? அப்ப என் ஸ்லைடுலயும் அச்சடிச்சிருக்கா? வந்து பாரு.”

மாடத்தி பார்த்தாள். நிமிர்ந்து புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

“ஏ, அதேதாம்ல.”

“அதான சொல்லுதேன்.”

“செல்லா இருக்கும். குண்டு செல்லு.”

“ஒங்க சித்தப்பா மாதிரியா?”

“மூஞ்சி. தள்ளு.”

மாடத்தி ஊசியால் கண்ணாடித் துண்டின் ஓரத்தை அழுத்தினாள். கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவள் போட்ட சத்தத்தில் ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

“ஓடுதுல! செவரத் தாண்டி ஓடுது! செல்லுன்னா அடுத்த செல்லு மேல ஏறிப் போவுமா? காத்துல இது, வெறும் காத்து!”

இசக்கிராஜ் அவளைத் தள்ளிவிட்டுப் பார்த்தான். பின்னால் மற்றவர்கள். ஆளாளுக்கு ஊசியால் அழுத்திக் குமிழியை ஓட்டினார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. கேள்வி மட்டும் இருந்தது.

பிறகு மாடத்தி என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

“காத்துக்கு உயிரில்ல. சரி மேம். அப்ப செவரு? செல்லு வளந்தா செவரும் கூட வளருதே. அது செத்ததுன்னா எப்படி வளரும்?”

முனைவர் பட்டம் வாங்கியவள் நான். “நாளைக்குச் சொல்லுதேன்” என்றேன்.

ஜூலை 22, மறுபடியும்

அது கறை இல்லை.

முதல்முறை நுண்ணோக்கியில் குனியும் பிள்ளைக்குக் காற்றுக்குமிழிதான் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் படத்தில் வரைந்து, பெயர் எழுதாமல் விட்டு, கேள்வியை மட்டும் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பார்த்திராத பிள்ளைகளின் தவற்றுக்கு, அவர்கள் பிறப்பதற்கு முன்பே ஒரு நாற்காலி போட்டு வைத்ததுபோல.

நான் அதை அழித்தேன். பளிச்சென்று இருப்பதாக மகிழ்ந்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

மாடத்திக்கு விடை சொன்னேன். சுவருக்கு உயிரில்லை என்பது வழக்கம். ஆனால் உயிருள்ளது அதைக் கட்டிக்கொண்டே இருக்கிறது, இளக்குகிறது, நீட்டுகிறது. எங்கே கோடு போடுவது என்பது எனக்கும் அவ்வளவு தெளிவாக இல்லை.

“அப்ப நாங்க ரெண்டு பேருமே பாஸா மேம்?”

“ரெண்டு பேரும்தான்.”

“இவன் ஃபெயில்னு சொல்லுங்க மேம், ஒரு நாளைக்கு மட்டும்.”

மதியம் வகுப்பு இல்லை. பழைய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து, சொன்னதைச் செய்துகொண்டே படித்தேன். வெங்காயத்துக்கு அடுத்து ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலை. துறையின் தொட்டியில் கிடக்கிறது. நுனி இலை ஒன்றைக் கிள்ளி வைத்தேன்.

‘பச்சை மணிகள் தெரியும். காத்திருங்கள். விளக்கின் சூட்டில் இலை பழக வேண்டும். உங்கள் கண்ணும் பழக வேண்டும்.’

காத்திருந்தேன். ஒன்றுமில்லை. கழுத்து வலித்தது. வாட்ஸ்அப் பார்த்தேன். மறுபடி குனிந்தேன்.

நகர்ந்தன.

ஒரு மணி முதலில். பிறகு அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எல்லாம், சுவரை ஒட்டி, ஒரே திசையில், மூலையில் வளைந்து, மறுபடி. ஒவ்வொரு செல்லிலும். பார்வைக்குள் இருந்த எல்லாச் செல்லிலும், பார்வைக்கு வெளியே இருந்தவற்றிலும், தொட்டியில் கிடக்கும் எல்லா இலையிலும். நான் பார்க்காதபோதும். நேற்றும். மரபணு வரிசைகளைப் பற்றி நான் கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தபோதும்.

கல்லூரியில் இதை எங்களுக்கும் காட்டினார்கள். வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது மணி அடித்துவிட்டது. அதன்பின் வீடியோவில் பார்த்தேன், படித்தேன், எழுதினேன், நடத்தினேன்.

பக்கத்தைத் திருப்பினேன். மேலே ஒரே வரி.

‘நகர்கிறதா? நீங்கள் நகர்த்தவில்லை.’

அதற்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தார். ஒரு மனிதர் வாய் திறந்து நிற்பதற்கு வேண்டிய அளவு.

ஜூலை 25, வியாழன்

கல்லூரி, வீடு, பேருந்து, எங்கும் அதைத்தான் படிக்கிறேன். குக்கரில் சத்தம் எத்தனை என்று அம்மா கேட்டாள். நான் கேட்கவில்லை.

ஒரு பத்தியில் ஒரு புதுச்சொல். அதற்கு மேல் இல்லை. சோதித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் இரண்டு வருகிறது, அங்கே அவரே மன்னிப்புக் கேட்கிறார்.

வந்த சொல் அடுத்த பக்கத்துக்குள் வேலைக்கு வந்துவிடுகிறது. வேலை இல்லாத சொல்லை அவர் அறிமுகம் செய்வதே இல்லை.

‘செல்’ என்ற சொல், வெங்காயத்தில் அந்தப் பெட்டிகளைப் பார்த்து, இதற்கு ஒரு பெயர் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நமக்கே தோன்றும்வரை வருவதில்லை. உயிரின் வரையறையும் அப்படித்தான். அதற்குள் நாம் நிறையப் பார்த்துவிட்டோம். வரையறையைப் படிக்கும்போது அதிலேயே ஓட்டை கண்டுபிடிக்கிறோம். அடுத்த பத்தி அந்த ஓட்டையைப் பற்றி.

குறை என்று நான் எழுதினேனே ஓரத்தில். பென்சில் என்பதால் அழித்துவிடலாம்.

காளான்கள் அத்தியாயம் உண்மையாகவே பழையது. தாவரங்களோடு வைத்திருக்கிறார். இன்று யாரும் அப்படி வைப்பதில்லை. இங்கேதான் நான் தேவை என்று படித்துக்கொண்டே போனேன். கடைசிப் பத்தி:

‘காளான்களை இப்போதைக்கு இங்கே வைத்திருக்கிறோம். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. நீங்கள் படிக்கும் நாளில் இடம் மாறியிருக்கலாம். உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.’

உங்கள் ஆசிரியர்.

பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். பிறந்திராத என்னை அவர் நம்பியிருக்கிறார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன்.

ஜூலை 27, சனி

பதிப்பகம். டென்சிங்கிடம் படம் 3-ஐப் பழையபடி வைக்கச் சொன்னேன்.

“கறையோடவா?”

“கறையோட. கோணலோட. கிழிசலோட.”

“மேடம், கறையத் துடைக்கச் சொல்லி வருவாங்க. திருப்பி வைக்கச் சொல்லி நீங்கதான் மொத ஆளு.”

அண்ணாச்சியிடம் சொன்னேன். முதல் அத்தியாயம் அவருடையதே இருக்கட்டும். என்னுடையது வேண்டாம். வரிசை மாறக் கூடாது. வகைப்பாடும் மரபணுவும் காளானும் மட்டும் புதிதாக எழுதித் தருகிறேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அரைவாசி வராதே டீச்சர்.”

“கால்வாசிகூட வராது அண்ணாச்சி.”

“பேரு உள்ள போயிரும்.”

“தெரியும்.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அட்டையில கெடந்துட்டுப் போவுது. புதுப்பேரு இருந்தாத்தான் புதுப்பதிப்புன்னு காலேஜ்ல நம்புவான். உள்ள எது பழசு, எது புதுசுன்னு எவன் எண்ணப்போறான்? நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. அந்தம்மாவா எந்திரிச்சு வரப்போறா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 29, திங்கள்

காளான் பகுதி எழுதினேன். மாலையில் பெனிட்டாவை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். பழைய வேகத்தில் மனப்பாடத்துக்குக் கிளம்பினாள். இரண்டாவது பத்தியில் நின்றாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல மேம்.”

“சொல்லு.”

“திட்ட மாட்டீங்களே? இதுல ரெண்டு புது வார்த்தை இருக்கு. ஒண்ண மனசுல வைக்கதுக்குள்ள அடுத்தது வந்து முட்டுது.”

ஒன்றை எடுத்துவிட்டேன். அழகான சொல். போகட்டும்.

ஜூலை 30, செவ்வாய்

மறுபடி எழுதினேன். ‘நனைத்த ரொட்டித் துண்டு ஒன்றை மூடிய டப்பாவில் வையுங்கள். வீட்டில் திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.’ அங்கிருந்து பூஞ்சை இழை. அது உணவைத் தானே சமைக்காமல், கிடைத்ததைக் கரைத்து உறிஞ்சுவது. அதன் சுவரில் இருக்கும் பொருள் வண்டின் ஓட்டிலும் இறாலின் ஓட்டிலும் இருப்பது. பெயர் இன்னும் சொல்லவில்லை. இலைக்குள் அது கிடையாது என்பது. அப்படியானால் இது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. அதற்குப் பிறகுதான் விடை.

பெனிட்டா வாசித்தாள். மெல்ல. கேள்வி வந்த இடத்தில் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே பார்த்தாள்.

“மேம். அப்ப காளான் செடிக்குச் சொந்தமில்லயா? நமக்கா?”

“செடியைவிட நமக்குத்தான் கிட்டத்துச் சொந்தம்.”

“ஐயோ. ஞாயித்துக்கிழமை பொரிச்சுத் தின்னோமே.”

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அது வேறு யாருடையதோ என்பதுபோல. அந்தப் பார்வைக்கு இடம் விட வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அவ்விடத்தில் பக்கத்தில் வெற்றிடம் விடச் சொல்லிக் குறித்துக்கொண்டேன்.

இது நான் எழுதியது. இவ்வளவு நாளில் நான் எழுதியவற்றில் இது ஒன்றுதான் யாரையாவது எதையாவது பார்க்க வைத்தது.

ஆகஸ்ட் 1, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். அட்டையில் வராது.

“ஏன்? அவரு மாட்டேன்னுட்டாரா?”

“இல்ல. அவரு போடுதேன்னுதான் சொல்லுதாரு. நான்தான்...”

“நீதான் என்ன? வேல கெடைக்கணும்னா பேரு வரணும்னு நீதானடி சொன்ன. ராத்திரி பகலா உக்காந்து எழுதுனது நீதான?”

“கொஞ்சந்தான்மா எழுதுனேன்.”

“கொஞ்சமோ நெறையவோ. எத்தன வருசம் இப்படி வருசா வருசம் ஒப்பந்தத்தப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு இருப்ப? அந்தம்மா பேருக்கு என்ன கொறையப் போவுது? மேல இருந்தது மேலயே இருக்கும். கீழ ஒரு வரி. அம்புட்டுதான கேக்கேன்.”

அவள் சொல்வது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. தோசையைத் தட்டில் போட்டாள், சட்னி வைக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

டென்சிங் இரண்டு அட்டைகள் அனுப்பியிருக்கிறான். ஒன்றில் ‘ம. தேவகனி’ மட்டும். இன்னொன்றில் கீழே ‘முனைவர் ச. வடிவு.’

“எதுன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிருங்க மேடம். திங்கக்கிழமை மெஷின்ல ஏறுது.”

இரண்டாவது நன்றாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை மாதிரி இல்லை. அதைப் போனில் சேமித்து வைத்தேன். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வகுப்புக்குத் தாமதமாகப் போனேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேர்காணலை மனதில் ஓட்டிப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருப்பவர் புத்தகத்தைப் புரட்டுகிறார். ‘இதில் உங்களுடையது எது?’ என்று கேட்கிறார்.

அட்டையில் பெயர் இருந்தால், வெங்காயத்திலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அல்லது அவர் வெங்காயத்தைப் புகழும்போது சும்மா இருக்க வேண்டியிருக்கும். சும்மா இருப்பேன். என்னை எனக்குத் தெரியும். தலையைக்கூட லேசாக ஆட்டுவேன். வேலையும் கிடைக்கலாம். பிறகு முப்பது வருடம் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் பாடம் நடத்துவேன். ஹைட்ரில்லா பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் நான் தலையாட்டியது நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்தைப் பார்த்து மறுபடி வாய் திறந்து நிற்க என்னால் முடியாது.

அது எனக்கு வேண்டும். வேலையைவிட என்று எழுத வந்தேன். அவ்வளவு தைரியம் இல்லை. வேலையும் வேண்டும்.

உள்ளே போட்டால், காளான் பகுதியைத் திறந்து காட்டலாம். இவ்வளவுதான் என்று சொல்லலாம். மதிப்பெண் போட மாட்டார்கள். ஒருவேளை அந்த நடு ஆள் வாசித்துப் பார்ப்பார். பார்க்காமலும் இருப்பார்.

அண்ணாச்சிக்குச் செய்தி அனுப்பினேன்: முதல் அட்டை. என் பெயர் உள்ளே. காளான் பகுதியின் முடிவில் ‘இதுவும் மாறலாம், கேளுங்கள்’ என்ற வரி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளவும்.

அவர் குரல் பதிவாகப் பதில் அனுப்பினார். பின்னால் பேரப்பிள்ளைகள் கத்துகிறார்கள். “சரி டீச்சர். உங்க இஷ்டம். நான் எங்கப்பாட்ட, இந்தப் புத்தகம் ஏன் நிக்காம போவுதுன்னு கேட்டேன் ஒரு தடவ. ‘எவனாவது ஒருத்தன் வந்து அதக் கெடுக்காம பாத்துக்கிடுதான்’னாரு. அது கெடக்கட்டும். முன்னுரை எங்க? திங்கக்கிழமைன்னா திங்கக்கிழமை.”

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். சித்திக்குப் போன் செய்யவில்லை.

முன்னுரை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி வந்ததும் கரண்ட் போய்விட்டது. மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்து, அம்மாவின் சேலைகளைத் தனியாக மடித்து வைத்தேன்.